புது கீபோர்டுக்கு மாறலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் மலையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கையில் இருக்கும் அரேஞ்சர் கீபோர்டை (தாளமும் பின்னணியும் தானே வாசிக்கும் வகை) வைத்துக்கொண்டு ஓட்டுவதா, புது மாடலுக்கு மாறுவதா? ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, கீபோர்டு பற்றியவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

எங்கள் சபைப் பாடகர் குழுவில் யமஹா பிஎஸ்ஆர்-இ463 இருக்கிறது. வீட்டில் வாசித்தால் குறை சொல்ல முடியாது. ஆலயத்தில் மிக்சரில் போட்டால் பேஸும் டிரம்மும் காணாமல் போய், தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. பாட்டுக்குப் பாட்டு ஸ்டைல் (பின்னணித் தாள நடை) மாற்றவும் நேரமாகிறது. கமிட்டியில் பாதிப் பேர் யமஹாவின் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்600 வாங்கலாம் என்கிறார்கள், மீதிப் பேர் எஸ்எக்ஸ்700 என்கிறார்கள். எதை வாங்குவது?
– ஒரு வாசகர், குன்னூர்

இரண்டு குறைகளைச் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்துவிடுங்கள். முதல் குறைக்குப் புது கீபோர்டு தேவையே இல்லை. இரண்டாவதற்கு ஒருவேளை தேவைப்படலாம்.

முதலில் ஒலி. இ463-இல் வெளியே எடுக்க இருப்பது ஒரே ஒரு துளைதான். ஹெட்ஃபோனுக்கும் அதுவே, அவுட்புட்டுக்கும் அதுவே. அது ஸ்டீரியோ, இடது, வலது இரண்டும் ஒரே பின்னில் வருகின்றன. உங்கள் சவுண்ட்காரர் இதில் ஒரு முனை ஸ்டீரியோ பி-38 (கால் அங்குலப் பின்), மறுமுனை எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக் பின்) உள்ள கேபிளைச் செருகியிருப்பார் என்பது எங்கள் கணிப்பு. எக்ஸ்எல்ஆர் உள்வழி பேலன்ஸ்டு வகை. அதில் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றை மிக்சர் கழிக்கும். மைக்குக்கு அதுதான் சரி. கம்பி வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் அப்படித்தான் போகிறது. ஆனால் கீபோர்டிலிருந்து வருவது இடதும் வலதும். பேஸ், கிக் டிரம் போன்றவை இரண்டு பக்கமும் சம அளவில் இருப்பதால், கழித்தால் பூஜ்யம். மிஞ்சுவது பக்கத்துக்குப் பக்கம் வேறுபடுகிற ரிவர்ப், கோரஸ், கொஞ்சம் சிம்பல் ஒலி. நீங்கள் கேட்கும் மெலிந்த சத்தம் இதுதான்.

சோதிப்பது எளிது. அதே துளையில் ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். பேஸ் நன்றாக வந்தால் கீபோர்டு நலமாக இருக்கிறது, கேபிள்தான் தவறு. வாங்க வேண்டியது ஒய் கேபிள்: ஒரு முனையில் ஸ்டீரியோ பி-38, மறுமுனையில் இரண்டு மோனோ பி-38. அந்த இரண்டையும் மிக்சரில் இரண்டு லைன் சேனலில் போட்டு, ஒன்றை முழுக்க இடதுக்கும் மற்றதை முழுக்க வலதுக்கும் திருப்புங்கள். ஆலயத்தில் ஸ்பீக்கர்கள் மோனோவில் ஓடினால் இரண்டையும் நடுவில் வைத்தால் போதும். நேராக மோனோ பி-38 கேபிளைச் செருகுவதும் சரியல்ல. அப்போது வலது பக்கம் எர்த்தோடு முட்டிக்கொள்ளும். பாதி ஒலிதான் வரும், உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கெடுதல்.

இன்னும் இரண்டு வேலை. ஃபங்ஷன் மெனுவில் மாஸ்டர் ஈக்யூ என்று ஒன்று இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது அது ‘ஸ்பீக்கர்’ என்று இருக்கும். அது கீபோர்டின் சொந்தச் சிறு ஸ்பீக்கருக்காகச் செய்த அளவு. வெளி ஸ்பீக்கருக்குப் போகும்போது ‘ஹெட்ஃபோன்’ என்று மாற்றுங்கள். அடுத்து, மாஸ்டர் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு, மீதியை மிக்சர் கெயினில் சரிசெய்யுங்கள். கீபோர்டைக் கால் அளவில் வைத்து மிக்சரை முழுக்கத் திறந்தால் இரைச்சல்தான் கூடும்.

இதையெல்லாம் செய்து இரண்டு ஞாயிறு வாசித்துப் பாருங்கள். அதன் பிறகு கமிட்டியைக் கூட்டுங்கள்.

இப்போது ஸ்டைல் மாற்றும் சிரமம். இ463-இல் ரெஜிஸ்ட்ரேஷன் (அமைப்புகளைப் பதிந்துவைக்கும் நினைவிடம்) 8 பேங்க், ஒவ்வொன்றிலும் 4, ஆக 32. ஒரு ஆராதனைக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டு என்றால் மூன்று பேங்கில் அடங்கிவிடும். பாட்டு வரிசைப்படி முதல் நாளே ஸ்டைல், வாய்ஸ் (வாத்திய ஒலி), டெம்போ (வேகம்), டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) எல்லாவற்றையும் பதிந்துவைத்து, ஒரு சீட்டில் எழுதி கீபோர்டின் மேல் ஒட்டிக்கொண்டால் மாற்றுவது ஒரு பொத்தான் வேலை. இதை இதுவரை செய்யவில்லை என்றால், புது கீபோர்டு வந்தாலும் அங்கேயும் தேடிக்கொண்டுதான் நிற்பீர்கள்.

ஏற்கெனவே இதைச் செய்து பழகியும் போதவில்லையா? அப்படியானால் மாறுவதில் நியாயம் உண்டு. இ463-இல் ஒரு ஸ்டைலுக்கு மெயின் ஏ, பி என்று இரண்டே நடைதான். எஸ்எக்ஸ் வரிசையில் மெயின் நான்கு, இன்ட்ரோ மூன்று, எண்டிங் மூன்று, நடுவில் நிறுத்த பிரேக் ஒன்று. நான்கு சரணம் உள்ள பாமாலையைச் சரணத்துக்குச் சரணம் வளர்த்துக்கொண்டு போக இது பெரிய வசதி. ஒன் டச் செட்டிங்கும் (ஸ்டைலுக்குப் பொருந்தும் வாய்ஸை ஒரே பொத்தானில் தருவது) ஒரு ஸ்டைலுக்கு நான்கு. அதை மெயினோடு இணைத்துவிட்டால், மெயின் ஏ-யிலிருந்து பி-க்குப் போகும்போது வலது கை வாய்ஸும் தானே மாறும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கை இ463-இல் 48, எஸ்எக்ஸ்600-இல் 128. அவுட்புட்டும் இடது, வலது என்று தனித்தனித் துளைகள். மோனோ போதுமென்றால் இடதில் மட்டும் செருகினால் அதுவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். உங்கள் கேபிள் தொல்லை அங்கே எழவே எழாது.

600-க்கும் 700-க்கும் இடையில் எது என்றால், எங்கள் தீர்ப்பு வாசிப்பவரைப் பொறுத்தது. 700-இல் 7 அங்குலத் தொடுதிரை இருக்கிறது, 600-இல் பொத்தான்தான். ஒருவரே வாசிக்கிற இடத்தில் 700-க்குச் செலவழிக்கலாம். வாரத்துக்கு ஒருவர் மாறி மாறி உட்காரும் ஆலயத்தில் 600 போதும். மிச்சப் பணத்தில் நல்ல சஸ்டெயின் பெடலும், உறுதியான ஸ்டாண்டும், பெட்டியும் வாங்குங்கள்.

வாங்கும் முன் கமிட்டியில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். எஸ்எக்ஸ் வரிசை பேட்டரியில் ஓடாது. இ463 ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். டிசம்பரில் கேரல் ரவுண்டுக்கு லைன் வீடுகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் ராத்திரி போகிற குழுவுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆகவே புதியது வந்தாலும் இ463-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி போட்டால் ஃபங்ஷனில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் அளவைத் தவறாகக் காட்டும்.

உங்கள் ரெஜிஸ்ட்ரேஷன்கள் புதியதில் ஏறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இ வரிசையின் கோப்பை எஸ்எக்ஸ் படிக்காது. பாட்டுப் பெயர், ஸ்டைல், டெம்போ, டிரான்ஸ்போஸ், வாய்ஸ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, புதியதில் மறுபடி அமைக்க வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் கீபோர்டை மாற்ற வேண்டாம்.

பிரசங்கம் நீண்டால் எங்கள் கீபோர்டு தானாகவே அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் வைத்திருந்த செட்டிங் எல்லாம் போய்விடுகிறது. சர்க்யூட் போயிற்று, புதிது வாங்குங்கள் என்று ஒருவர் சொல்கிறார்.
– ஒரு வாசகி, அருவங்காடு

ஒன்றும் போகவில்லை அம்மா. ஆட்டோ பவர் ஆஃப் என்ற வசதிதான் அது. 30 நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் யமஹா கீபோர்டுகள் தாமே அணைந்துவிடும்படி அமைத்து அனுப்புகிறார்கள். இடது கோடிக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போடுங்கள். அந்த வசதி நின்றுவிடும். ஆராதனைக்கு வேண்டிய அமைப்பை ரெஜிஸ்ட்ரேஷனில் பதிந்துவைத்தால், நடுவில் கரண்ட் போனாலும் ஒரு பொத்தானில் திரும்ப வந்துவிடும்.

என் கீபோர்டில் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று கட்டைகள் எவ்வளவு மெல்லத் தொட்டாலும் அலறுகின்றன. ஒன்று சில நேரம் பேசுவதே இல்லை. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

மாற்ற வேண்டாம். மலையில் கீபோர்டுக்கு வருகிற நோய்களில் இதுதான் முதலிடம்; செலவும் குறைவு.

ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழ் இருக்கும், அதனுள் கருப்பாக இரண்டு கார்பன் புள்ளிகள். கட்டையை அழுத்தும்போது ஒரு புள்ளி முதலில் போர்டைத் தொடும், அடுத்தது ஒரு நொடியின் சிறு பகுதி கழித்துத் தொடும். அந்த இடைவெளியை வைத்துத்தான் நீங்கள் மெல்ல அடித்தீர்களா, ஓங்கி அடித்தீர்களா என்று கீபோர்டு கணக்கிடுகிறது. முதல் புள்ளியில் தூசியோ ஈரப் பூஞ்சையோ படிந்தால் இரண்டும் ஒன்றாகத் தொட்டது போலத் தோன்றும்; உடனே முழு வேகம் என்று நினைத்து அலறும். இரண்டாவது புள்ளி அழுக்கானால் சத்தமே வராது.

சுத்தம் செய்ய: அடாப்டரைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, மெத்தை விரித்த மேசையில் கவிழ்த்து வையுங்கள். அடித்தட்டு ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. எந்தத் துளையில் எது என்று ஒரு அட்டையில் படம் வரைந்து அதிலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல் மூடி பிளந்துவிடும். ரிப்பன் கேபிள்களை இழுக்கும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைகளுக்கு அடியில் இருக்கும் நீளப் போர்டைக் கழற்றினால் ரப்பர் பட்டைகள் தெரியும். அவற்றை மெதுவாக உரித்து, எந்தப் பட்டை எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

போர்டில் இருக்கும் கருப்புத் தடங்களை எலக்ட்ரானிக் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் லேசாகத் துடையுங்கள். ரப்பரில் இருக்கும் கார்பன் புள்ளிகளுக்கு நூல் பிரியாத துணி, அதே திரவம், ஒரே ஒரு ஒற்று. சுரண்டுவதும், உப்புத்தாளால் தேய்ப்பதும், பெட்ரோல், தின்னர் போடுவதும் கூடவே கூடாது. கார்பன் பூச்சு போய்விட்டால் பட்டையையே மாற்ற வேண்டிவரும். தொடர்புப் புள்ளியில் எண்ணெய் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு தூசியெல்லாம் அதில் ஒட்டி முன்பைவிட மோசமாகும். துடைத்தபின் அரை மணி உலரவிட்டு, பட்டைகளை மேடுபள்ளமில்லாமல் அழுத்திப் பொருத்துங்கள். பொருத்திய பட்டையின் ஒரு முளை வெளியே நின்றால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கெடும்.

கை நடுங்கும் என்றால் வத்தலக்குண்டோ திண்டுக்கல்லோ போய்ச் செய்துகொள்ளலாம். ஆனால் “போர்டையே மாற்ற வேண்டும்” என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம், முதலில் ரப்பரைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்காலத்துக் காலை வேளைகளில் எங்கள் கேசியோ சிடி-எக்ஸ்3000 புல்லாங்குழலோடு சேரவே மாட்டேன் என்கிறது. கீபோர்டின் சுருதி ஏறிவிட்டதாகக் குழல் வாசிப்பவர் சொல்கிறார். புது மாடலில் இந்தத் தொல்லை இருக்காதா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

கீபோர்டின் சுருதி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதன் சுருதி கிரிஸ்டல் கணக்கில் ஓடுகிறது, குளிருக்கு அசையாது. இறங்கியது குழல். காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரி குறைந்தால் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் என்றால் 5 டிகிரியில் 334. குழலின் நீளம் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் காற்றில் வேகம் குறைந்தால் சுருதி தாழும். வாசிப்பவரின் மூச்சு குழலைச் சூடாக்கினால் அது மெல்ல மேலேறும். அதனால்தான் முதல் பாட்டில் ஒத்துவராதது நான்காவது பாட்டில் கொஞ்சம் சேர்ந்துவிடும்.

எத்தனை ஆயிரம் கொடுத்து எந்த மாடல் வாங்கினாலும் இது மாறாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழல்காரர் பத்து நிமிடம் ஊதிக் குழலைச் சூடாக்கட்டும். பிறகும் தாழ்ந்திருந்தால் கீபோர்டின் டியூனிங்கில் போய் இறக்குங்கள். உங்கள் மாடலில் 440 ஹெர்ட்ஸிலிருந்து கீழே 415.5 வரைக்கும், மேலே 465.9 வரைக்கும் போகலாம். ஸ்ட்ரிங்ஸ் வாய்ஸில் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு, குழலோடு அலை அடிப்பது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். டிரான்ஸ்போஸைத் தொடாதீர்கள், அது அரைக் கட்டை அரைக் கட்டையாகத் தாவும், இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு உதவாது. கிட்டார் இருந்தால் அவரும் உங்கள் கீபோர்டைக் கேட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும்; செல்போன் டியூனரை மாற்றி அமைக்காவிட்டால் அது 440-இலேயே நிற்கும். நிகழ்ச்சி முடிந்ததும் 440-க்குத் திருப்பி வைக்க மறக்காதீர்கள்.

லைட் மியூசிக் குழுவில் பிஎஸ்ஆர்-ஐ455 வாசிக்கிறேன். ஸ்டைல் ஓடும்போது பெடலை அழுத்தி ஸ்ட்ரிங்ஸ் பிடித்தால் சில ஸ்வரங்கள் பாதியில் அறுந்துவிடுகின்றன. ரிப்பேரா?
– ஒரு வாசகர், ஊட்டி

ரிப்பேர் இல்லை. அந்தக் கீபோர்டின் எல்லையே அதுதான். ஐ455 ஒரே நேரத்தில் 32 சுரங்களைத்தான் ஒலிக்கும். ஸ்டைல் என்பது ரிதம் இரண்டு, பேஸ் ஒன்று, கார்டு இரண்டு, பேட் ஒன்று, ஃபிரேஸ் இரண்டு என்று எட்டுப் பகுதி. நடை நிறைந்த இடத்தில் அதுவே பத்துப் பன்னிரண்டு சுரத்தை எடுத்துக்கொள்ளும். வலது கையில் நான்கு விரல், டூயல் வாய்ஸ் (இரண்டு ஒலி ஒன்றாக) போட்டால் எட்டு. ஸ்டீரியோ வாய்ஸ் என்றால் ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்படும். பெடலை விடாமல் அடுத்த கார்டுக்குப் போனால் பழையதும் புதியதும் சேரும். 32 நிறைந்ததும், முன்பு ஒலித்தவற்றில் ஒன்றை நிறுத்தித்தான் புதியதற்கு இடம் கொடுக்கும்.

டூயலை நிறுத்தி, கார்டு மாறும்போது பெடலைத் தூக்கி எடுத்துப் பழகினால் பாதிக் குறை தீரும். ஆனால் நீங்கள் மேடையில் வாசிப்பவர். இதற்காக வாசிப்பையே சுருக்கிக்கொள்ளச் சொல்வது முறையல்ல. மாறுங்கள். 64 உள்ள யமஹா இ473-உம் கேசியோ சிடி-எக்ஸ்9000ஐஎன்-உம் ஒரு படி மேலே. மேடைக்கென்றே வாங்குவதாக இருந்தால் 128 உள்ள எஸ்எக்ஸ் வரிசைக்கே நேராகப் போய்விடுங்கள். நடுவில் ஒரு படி நின்றால் இரண்டு முறை செலவு.

ஐ455-இல் பழகிய தபேலா, சிதார் வாய்ஸ்கள் எஸ்எக்ஸில் அதே பெயரில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்திய வாய்ஸ்களை எக்ஸ்பான்ஷன் பேக்காக (கூடுதல் ஒலித் தொகுப்பாக) ஏற்ற வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரில் யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜர் என்ற மென்பொருள் தேவை. ஒரு பேக்கை ஏற்றினால் அதற்கு முன் ஏற்றியது அழிந்துவிடும். ஆகவே வேண்டிய பேக்குகள் எல்லாவற்றையும் மென்பொருளிலேயே ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவையில் ஏற்றுங்கள். கடையில் “எல்லாம் லோடு பண்ணித் தருகிறோம்” என்றால் அந்தக் கோப்பின் நகலையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். ரீசெட் ஆனால் அதுதான் காப்பாற்றும்.

படுகப் பாட்டுகளுக்கு ஆட வாசிக்கிறோம். கீபோர்டில் இருக்கும் எந்த ஸ்டைலும் எங்கள் நடைக்குப் பொருந்தவில்லை. புதிதாக வாங்கினால் பொருந்துமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

எந்த மாடலிலும் தயாராக இருக்காது. நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். அதற்கான வசதி உள்ள மாடலுக்கு மாறுவதுதான் மாறுவதற்கு மிக நல்ல காரணம் என்போம். இ463, இ473 வகையில் ஸ்டைலைப் புதிதாக உருவாக்க முடியாது. எஸ்எக்ஸ்600-இலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் ஸ்டைல் கிரியேட்டர் இருக்கிறது. கேசியோவில் சிடி-எக்ஸ்3000, 5000 இரண்டிலும் ரிதம் எடிட்டர் உண்டு. 50 ரிதம் வரை சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். குறைந்த செலவில் தொடங்க அதுவே போதும்.

எஸ்எக்ஸில் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலில் பாட்டை ஓடவிட்டு, கை தட்டி, ஆட்டக்காரர் கால் வைக்கும் இடத்தை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற பீட்டைத் தேர்ந்தெடுத்து மெயின் ஏ-வை 2 அல்லது 4 பார் என்று வையுங்கள். ரிதம் 1-இல் டிரம் கிட்டைப் போட்டு ரெக்கார்டு செய்யுங்கள். அது சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் சுற்றில் அடித்தொனி மட்டும், அடுத்த சுற்றில் ஓரத்தட்டு, அதன் பிறகு சலங்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் அடிக்கப் பார்ப்பதால்தான் நடை குழம்புகிறது.

பிறகு பேஸ். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஸ்டைலின் மூலக் கார்டு சி மேஜர் செவன். நீங்கள் எந்தக் கார்டைப் பிடித்தாலும் கீபோர்டு அதிலிருந்துதான் மாற்றிக் கொடுக்கும். ஆகவே பதியும்போது சி, ஈ, ஜி, பி, கூடவே டி, ஏ, இவற்றுக்குள்ளேயே இருங்கள். எஃப்-ஐத் தொட்டால் வாசிக்கும்போது மைனர் கார்டு பிடித்த இடத்தில் அபஸ்வரம் தட்டும். இன்ட்ரோவிலும் எண்டிங்கிலும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஃபில் (ஒரு நடையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வரும் சிறு நிரப்பு) ஒரு பார்தான் இருக்கும். அதற்குள் முடியும்படி யோசித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் பென் டிரைவில் சேமிக்காமல் வேறு ஸ்டைலுக்குத் தாவினால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சேமியுங்கள்.

பழைய பிஎஸ்ஆர்-எஸ்670 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புது இ473 வாங்குவதா, இதை வாங்குவதா?
– ஒரு வாசகர், வெலிங்டன்

எஸ்670 2015-இல் வந்த மாடல். வயதானாலும் தரத்தில் இ473-ஐவிட மேல் வரிசை. 128 சுரம், நான்கு மெயின், ஸ்டைல் கிரியேட்டர் எல்லாம் இருக்கின்றன. இ473-இன் பலம் வேறு: புதியது, வாரண்டி உண்டு, பேட்டரியில் ஓடும், மைக் துளை இருக்கிறது. பாடிக்கொண்டே வாசிக்கும் தனி ஆளுக்கு இ473. குழுவில் வாசிப்பவருக்கு, நல்ல நிலையில் இருந்தால் எஸ்670.

நல்ல நிலையா என்று பார்க்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ வாய்ஸில் 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக மிக மெல்ல அழுத்துங்கள். எது அலறுகிறது, எது ஊமை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று என்றால் சுத்தம் செய்துவிடலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒரு சப்தகம் முழுக்க ஊமை என்றால் விட்டுவிடுங்கள். ஆர்கன் வாய்ஸில் கீழ்க் கட்டையைப் பிடித்து வால்யூமை ஏற்றினால் கிழிந்த ஸ்பீக்கர் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிட்ச் வீலைத் திருப்பி விட்டதும் சுருதி சரியாக நடுவுக்கு வருகிறதா? பென் டிரைவைப் படிக்கிறதா? அவுட்புட் துளையில் பின்னை அசைத்தால் கரகரக்கிறதா? வலது கோடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டு ரீசெட் செய்துபாருங்கள், விற்பவரின் அனுமதியோடு. துவாரங்களில் மூக்கை வைத்தால் பூஞ்சை வாடை வருகிறதா என்றும் பாருங்கள்.

அடாப்டர் அசல்தானா என்பது முக்கியம். எஸ், எஸ்எக்ஸ் வரிசைக்கு பிஏ-300சி. 16 வோல்ட், 2.4 ஆம்பியர். இ463, இ473 இரண்டுக்கும் பிஏ-150. 12 வோல்ட், 1.5 ஆம்பியர். பின் உள்ளே போகிறது என்பதற்காக ஒன்றை மற்றொன்றில் செருகக் கூடாது. 12 வோல்ட் கருவிக்கு 16 வோல்ட் கொடுத்தால் போர்டு எரியலாம்.

மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சுவரே வியர்க்கிறது. புது கீபோர்டு வாங்கினால் எப்படிப் பாதுகாப்பது?
– ஒரு வாசகி, கூடலூர்

இறுக்கமான பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணியால் மூடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது உலர்த்த வேண்டும் என்று தெரியும். சமைக்கும் பாத்திரத்தில் அதை வறுக்க வேண்டாம். அதற்கென்று ஒரு பழைய தட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாப்தலின் உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஸ்டாண்டில் வையுங்கள், தரையில் வேண்டாம். குளிர் காயும் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். புகைக்கரி கட்டை இடுக்கில் இறங்கும். வாரத்தில் இரண்டு நாளாவது அரை மணி நேரம் வாசியுங்கள். மூடியே கிடக்கும் கீபோர்டில்தான் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

இரவு முழுக்க ஜீப்பில் குளிர்ந்து கிடந்த கீபோர்டை ஆள் நிறைந்த கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோனால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது அப்படியே வையுங்கள். திறந்தபின் மேலே ஈரம் தெரிந்தால் முழுக்க உலரும்வரை சுவிட்சைப் போடாதீர்கள்.

பத்து வயது மகள் கிரேடு தேர்வுக்குப் படிக்கிறாள். அரேஞ்சரையே பெரியதாக வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், ஊட்டி

எந்தத் தேர்வு என்று முதலில் பாருங்கள். எலக்ட்ரானிக் கீபோர்டு தேர்வு என்றால், இந்த வருடப் பாடத்திட்டத்தில் கருவிக்கு என்னென்ன வசதி கேட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு அதற்குத் தகுந்ததை வாங்குங்கள். பியானோ தேர்வு என்றால் எவ்வளவு விலை உயர்ந்த அரேஞ்சரும் உதவாது. 88 கட்டை, கனமான வெயிட்டட் கீ உள்ள டிஜிட்டல் பியானோ வேண்டும். அரேஞ்சரின் லேசான கட்டையில் பழகிய விரல் தேர்வு அறையில் தடுமாறும். சஸ்டெயின் பெடல் வாங்கினால், கீபோர்டை அணைத்த நிலையில் செருகிவிட்டு, பெடலை மிதிக்காமல் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். மிதித்துக்கொண்டே போட்டால் பெடல் தலைகீழாக வேலை செய்யும், குழந்தை பயந்துவிடுவாள்.